நாற்றுத் தட்டில் துள்ளும் வெள்ளைப் பூச்சி: ஸ்பிரிங்டெயில்தானா, எந்த இனம்?

செங்கலடி தோட்டக்காரி

வணக்கம் எல்லாருக்கும். வீட்டுக்குப் பின்னால் கொச்சிக்காய், கத்தரி நாற்றுப் போட்டு விற்கிறேன். தும்புத்தூளும் பழைய மாட்டெருவும் கலந்த தட்டுகள். மாரி தொடங்கியதிலிருந்து தண்ணீர் விட்டால் போதும், ஊசிமுனை அளவில் வெள்ளையாக ஏதோ மேலே வந்து துள்ளுகிறது. தட்டைத் தூக்கினால் அடியில் கூட்டமாக இருக்கிறது. அதைவிடச் சாம்பல் நிறத்தில் ஒன்று மேலே ஓடித் திரிகிறது, உணர்கொம்பு நீளம், வெளிச்சம் பட்டால் மினுங்குகிறது. பாசி பிடித்த தட்டில் மஞ்சளாக, உருண்டையாக இன்னொன்று. மருந்துக் கடையில் கொண்டுபோய்க் காட்டினேன், போத்தலைத் திறந்தும் பார்க்காமல் "பனிப்பூச்சி, இதை அடியுங்க" என்று ஒரு மருந்தை எடுத்து வைத்தார்கள். வாங்காமல் வந்துவிட்டேன். தேடிப் பார்த்தால் ஸ்பிரிங்டெயில் என்று வருகிறது. இந்த மூன்றும் ஒரே பூச்சியின் வேறு வேறு வயதா, இல்லை மூன்று இனமா? பெயர் கண்டுபிடிக்க உடம்பில் எதைப் பார்க்க வேண்டும்? படங்கள் போட்டிருக்கிறேன், போனில் எடுத்தது, கொஞ்சம் கலங்கல்தான்.

கல்முனைப் பழைய கடை

இது புத்தகப் பேன் அல்லவா? எங்கள் கடையில் பழைய கணக்குப் புத்தகங்களைத் திறந்தால் இதே அளவில், இதே வெள்ளையில் ஓடும். வெயிலில் காயப் போட்டால் போய்விடும்.

மண்ணும் லென்ஸும்

கல்முனைத் தம்பி, உங்கள் புத்தகத்தில் இருப்பது புத்தகப் பேனாகத்தான் இருக்கும், ஆனால் தங்கச்சியின் தட்டில் இருப்பது அது இல்லை. புத்தகப் பேனின் உணர்கொம்பு நூல் போல மெல்லியது, பத்துக்கு மேல் கணு இருக்கும், தலை அகலம், முன்நெற்றி புடைத்திருக்கும், ஓடும், இப்படித் துள்ளாது. ஸ்பிரிங்டெயிலின் உணர்கொம்பில் பெரும்பாலும் நாலே நாலு துண்டம். லென்ஸ் வைத்தால் எண்ணிவிடலாம்.

தங்கச்சி, உங்கள் இரண்டாவது படத்தில் ஒன்று பக்கவாட்டாகக் கிடக்கிறது, அது நல்ல படம். வயிற்றுக்கு அடியில் பின்பக்கமிருந்து முன்னுக்கு மடிந்த கவை ஒன்று தெரிகிறது பாருங்கள். வயிற்றின் நாலாம் துண்டத்தில் முளைத்து, மூன்றாம் துண்டத்தில் உள்ள சின்னக் கொளுக்கியில் அது மாட்டியிருக்கும். கொளுக்கி விட்டதும் கவை நிலத்தில் அடித்து ஆளைத் தூக்கி எறியும், எங்கே போய் விழுவோம் என்று அதற்கே தெரியாது. கவை இருந்தால் மறு பேச்சில்லை, ஸ்பிரிங்டெயில். கவை இல்லாவிட்டால் மட்டும் உடனே தள்ளிவிடாதீர்கள், மண்ணுக்குள்ளேயே வாழும் சில வகைகளுக்குக் கவை குறுகிப்போய் அல்லது இல்லாமலே இருக்கும். அப்போது வயிற்றின் முதலாம் துண்டத்துக்கு அடியில் குட்டையான ஒரு குழாய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அது எல்லா ஸ்பிரிங்டெயிலுக்கும் உண்டு. ஈரத்தை உறிஞ்சுவது அந்தக் குழாயால்தான். வயிற்றில் மொத்தம் ஆறு துண்டம்தான், அதற்கு மேல் எண்ண வந்தால் வேறு பிராணி.

மூன்றும் ஒன்றா என்று கேட்டீர்கள். இல்லை. இதன் குஞ்சு தாயின் உருவத்திலேயே முட்டையிலிருந்து வரும், அளவும் நிறமும்தான் மாறும், புழு, கூட்டுப்புழு என்று எதுவும் கிடையாது. வளர்ந்து முட்டையிடும் வயது வந்த பிறகும் தோல் கழற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே உருண்டை ஒருநாளும் நீளமாகாது. உங்கள் தட்டில் குறைந்தது மூன்று இனம் இருக்கிறது.

செங்கலடி தோட்டக்காரி

அப்படியா அண்ணன். அப்போ வெள்ளை, சாம்பல், மஞ்சள் என்று நிறத்தை வைத்துப் பெயர் தேடலாமா?

மண்ணும் லென்ஸும்

நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். தோல் கழற்றியவுடன் எல்லாமே வெளிறித்தான் இருக்கும், பாசி தின்றால் குடல் பச்சைக் கோடாகத் தெரியும், ஸ்பிரிட்டில் போட்டால் நிறம் மங்கும். முதலில் உடம்பின் வடிவம். இதுவரை விவரிக்கப்பட்ட சுமார் 9000 இனங்களும் நாலே வருணங்களுக்குள் (குடும்பத்துக்கும் மேலே வரும் பெரும்பிரிவு, நிறம் அல்ல) அடங்குகின்றன, அதில் எது என்பதை வீட்டிலேயே சொல்லிவிடலாம்.

உருண்டையாக, துண்டங்கள் ஒட்டிப்போய் இருந்தால் சிம்பிப்ளியோனா. உங்கள் மஞ்சள் உருண்டை அதுதான். அதே உருண்டை, ஆனால் கண்ணே இல்லாமல், உணர்கொம்பு தலையின் நீளத்தைவிடக் குறைவாக, தூசி மாதிரி மிகச் சின்னதாக இருந்தால் நீலிப்ளியோனா, அது மண்ணைச் சலித்தால்தான் கிடைக்கும்.

நீள உடம்பு என்றால் தலைக்குப் பின்னால் உடனே வரும் துண்டத்தைப் பாருங்கள். எல்லாரும் வாலைப் பார்க்கிறார்கள், விஷயம் இருப்பது கழுத்துப் பக்கம். நெஞ்சறையின் முதல் துண்டம் மேலிருந்து தெளிவாகத் தெரிந்து, அதன் முதுகில் மயிரும் இருந்தால் பொடுரோமோர்பா: தடித்த உடம்பு, குட்டைக் கால், குட்டை உணர்கொம்பு, மெதுவான நடை. அந்தத் துண்டம் சுருங்கி, மயிரில்லாமல், அடுத்த துண்டத்துக்கு அடியில் ஒளிந்திருந்தால் எண்டோமோபிரையோமோர்பா. உங்கள் சாம்பலும் அநேகமாக வெள்ளையும் இந்தப் பக்கம்.

சாம்பலுக்கு அடுத்தது வயிற்றின் மூன்றாம், நாலாம் துண்டங்கள். முதுகில் இரண்டையும் அளந்து பாருங்கள், கிட்டத்தட்டச் சமமாக இருந்து உடம்பில் செதிலும் இல்லாவிட்டால் ஐசோடோமிடே குடும்பம். நாலாம் துண்டம் மூன்றாவதைப் போல் பல மடங்கு நீளமாக இருந்தால் எண்டோமோபிரையிடே அல்லது அதற்கு நெருங்கிய சொந்தம். மினுங்குகிறது என்றீர்களே, அது செதில். ஈரத் தூரிகையால் முதுகில் ஒருதரம் தொட்டு எடுங்கள், அந்துப்பூச்சியின் இறகுத்தூள் போல தூரிகையில் ஒட்டி வரும். பிறகு பக்கவாட்டில் பாருங்கள், நெஞ்சறையின் இரண்டாம் துண்டம் கூன் போல முன்னுக்கு வந்து தலையை மூடினால் லெபிடோசைர்டஸ் சாதியை (சாதி என்றால் ஒரு குடும்பத்துக்குள் நெருங்கிய இனங்களின் கூட்டம்) நினைக்கலாம். அங்கேயும் கண்ணை எண்ண வேண்டும், லெபிடோசைர்டஸுக்கு ஒரு பக்கம் எட்டு. கண் குறைந்து செதிலும் இருந்தால் சூடோசினெல்லா என்ற இன்னொரு சாதி வந்து நடுவில் நிற்கும்.

அக்கரைப்பற்று பாசித்தொட்டி

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் வீட்டு மழைத்தண்ணீர்த் தொட்டியில் தண்ணீருக்கு மேலேயே கறுப்பாக மிதக்கிறது, கையை வைத்தால் துள்ளுகிறது. இதுவும் அதுதானா? குடிக்கிற தண்ணீர் இல்லை, தொழுகைக்கு முன் வுழூ எடுக்கிற தொட்டி. வீட்டில் ஆட்கள் சண்டை.

மண்ணும் லென்ஸும்

அக்கரைப்பற்றுக் காக்கா, துள்ளினால் ஸ்பிரிங்டெயிலாக இருக்க நல்ல வாய்ப்பு. இதன் தோலில் தண்ணீர் ஒட்டாது, அதனால்தான் மூழ்காமல் மேலே நிற்கிறது. கடிக்காது, மனிதருக்கு நோய் எதையும் பரப்பாது. தொட்டிச் சுவரில் பாசி, உள்ளே அழுகிய இலை இருக்கும், அதைச் சுரண்டி எடுத்தாலே குறையும். ஆனால் உருண்டையா நீளமா என்று சொல்லுங்கள். உருண்டையென்றால் தண்ணீர் மேலேயே வாழும் ஸ்மிந்துரைடிஸ் சாதியாக இருக்கலாம், அதில் ஆணின் உணர்கொம்பு பிடிகொளுக்கி மாதிரி மாறியிருக்கும், அதால் பெண்ணின் உணர்கொம்பைப் பிடித்துக்கொண்டு பெண் போகும் இடமெல்லாம் தூக்கிச் செல்லப்படும். சோடியாகப் பார்த்தால் படம் எடுத்துப் போடுங்கள், நானும் பார்க்க ஆசைப்படுகிறேன்.

வந்தாறுமூலை மாணவன்

அண்ணன், போனில் படத்தைக் கொடுத்தால் பெயர் சொல்லும் ஆப் இருக்கிறதே, அக்காவின் வெள்ளைப் படத்தைப் போட்டேன், உடனே முழு இனப்பெயரே வந்தது.

மண்ணும் லென்ஸும்

தம்பி, அந்த ஆப் படித்த படங்களில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எடுத்தவை. கிட்டத்தட்ட எந்த வெள்ளைப் பூச்சியைக் கொடுத்தாலும் அங்கே பிரபலமான பெயரைத்தான் தரும். நம் பக்கத்து இனங்களைப் பற்றி எழுதியவர்களே குறைவு, 1912 இல் இம்ஸ் என்ற ஆங்கிலேயர் இந்தியா, பர்மா, இலங்கை மூன்றின் கொலம்போலாக்களையும் (ஸ்பிரிங்டெயிலின் விஞ்ஞானப் பெயர்) சேர்த்து எழுதியது இன்றைக்கும் ஆட்கள் புரட்டுகிற ஒன்று. படத்தில் குடும்பம் வரைக்கும் போகலாம், அதிர்ஷ்டம் இருந்தால் சாதி வரைக்கும். அங்கே நிறுத்துவது தோல்வி இல்லை. தெரியாத இனப்பெயரை ஒட்டி வைத்தால் அடுத்தவர் அதை நம்பி நகல் எடுப்பார், அது பிறகு எடுக்கவே முடியாத அழுக்கு.

செங்கலடி தோட்டக்காரி

சரி, இன்றைக்கு உட்கார்ந்து பார்த்தேன். மகனின் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அதற்குமேல் தட்டைத் தட்டினேன். அண்ணன் சொன்ன மாதிரி எல்லாம் மிதந்தன. கறுப்பில் வெள்ளை பளிச்சென்று தெரிகிறது. போனில் கிளிப் லென்ஸ் மாட்டிப் பார்த்தேன்: வெள்ளைக்குக் கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் புள்ளி எதுவும் இல்லை. துள்ளும், ஆனால் அதிக தூரம் போகாது. செதில் வரவில்லை, தூரிகை சுத்தமாக இருந்தது. துண்டங்களை எண்ணினேன், முன்னால் கோடு கோடாகத் தெரிகிறது, பின்பக்கம் மட்டும் கடைசியில் நீளமாக ஒரே துண்டு, நடுவில் கோடே இல்லை. எறும்புகளுடன் சேர்ந்து கிடக்கவில்லை. சாம்பலில் தூள் வந்தது, கூனும் இருக்கிறது.

மண்ணும் லென்ஸும்

நீங்கள் கடைசியில் கண்ட அந்த ஒரே துண்டுதான் பெறுமதி. நாலு, ஐந்து, ஆறு என்ற மூன்று துண்டங்களும் ஒட்டி ஒன்றானால் அது போல்சோமியா சாதியின் அடையாளம். கண் இல்லை, செதில் இல்லை, கவை இருக்கிறது, எல்லாம் ஒத்து வருகிறது. எறும்புடன் இல்லை என்று நீங்கள் பார்த்ததும் நல்லது, எறும்பு, கறையான் புற்றில் சைபோடெரஸ் என்று இன்னொரு வெள்ளைக் குருடு இருக்கிறது, ஆனால் அதற்குச் செதில் உண்டு, நாலாம் துண்டமும் நீளம், ஒட்டியது அல்ல. இன்னொரு வெள்ளை ஒனிக்கியூரிடே குடும்பம், அதற்குக் கவை பெரும்பாலும் இல்லை, துள்ளாது, தொட்டால் தோலில் உள்ள துவாரங்களால் துளி கசிய விடும். இரண்டும் தள்ளியாயிற்று.

போல்சோமியாவில் மிகப் பிரபலமானது காண்டிடா. பெண்களே ஆண் இல்லாமல் பெருகும், மண்ணில் நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்க உலகம் முழுக்க ஆய்வுகூடங்களில் வளர்க்கிறார்கள். உங்களுடையது அதுதான் என்று நான் எழுதமாட்டேன். அதற்குக் கவையின் அடித்துண்டத்தின் முன்புறத்து மயிர்களை எண்ணி, உணர்கொம்புக்குப் பின்னால் இருக்கும் சின்ன உறுப்பின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். லக்டிக் அமிலத்தில் ஊறவைத்து உடம்பைத் தெளிவாக்கி, கண்ணாடித் தகட்டில் ஏற்றி, நல்ல நுணுக்குக்காட்டியில் மட்டும்தான் தெரியும். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடமோ விவசாய பீடமோ படிக்கிற தம்பிமார் யாரும் இருந்தால் ஒரு நேரம் கேட்டுப் பாருங்கள்.

வந்தாறுமூலை மாணவன்

நான் கேட்கிறேன் அக்கா. எப்படிப் பிடித்துக் கொண்டுவர? தட்டோடா?

மண்ணும் லென்ஸும்

தட்டோடு வேண்டாம். தண்ணீர்ப் போத்தலின் மேல்பாதியை வெட்டித் தலைகீழாகப் புனல் போல வையுங்கள், வாயில் நுளம்புவலைத் துண்டு, அதற்குமேல் ஒரு கைப்பிடி கலவை. மேலே சூடாகிற பழைய குண்டு பல்ப் ஒன்று, கிட்டக் கொண்டுபோகாமல். மேல்மண் மெல்லக் காயக் காய ஈரம் தேடி எல்லாம் கீழே இறங்கி, கீழ்ப் போத்தலிலுள்ள ஸ்பிரிட்டில் விழும். எல்.ஈ.டி. பல்ப் சூடாகாது, அதை வைத்துவிட்டு ஒன்றும் விழவில்லை என்று வந்து கேட்காதீர்கள். இந்தப் புனலை 1905 இல் பெர்லேசே என்ற இத்தாலியர் வெந்நீரால் சூடாக்கிச் செய்தார், 1918 இல் துல்கிரன் என்பவர் பல்புக்கு மாற்றினார், இன்றுவரை பெரிய மாற்றம் இல்லை. பாமசியில் வாங்கும் ஸ்பிரிட் போதும், ஆனால் பூச்சி அதன் மேலேயும் மிதந்தால் ஒரு சொட்டுச் சவர்க்காரத் தண்ணீர் விடுங்கள். லேபிளைப் பென்சிலால் எழுதிப் போத்தலுக்கு உள்ளே போடுங்கள், பேனா மை கரைந்துவிடும். ஊர், திகதி, எந்தக் கலவை, அவ்வளவும் வேண்டும்.

மருந்து அடிக்காததற்குச் சந்தோஷம். இவை பெரும்பாலும் பூஞ்சையையும் அழுகலையும் தின்பவை, நாற்றை அழுகவைக்கிற றைசொக்டோனியா என்ற பூஞ்சையைத் தின்னும் இனங்களும் உண்டு. அளவு மீறினால் முளைத்த கையோடு இருக்கும் பிஞ்சைக் கடிக்கலாம். தட்டைச் செங்கல்மேல் உயர்த்தி, மேல்பரப்புக் காய்ந்த பிறகு தண்ணீர் விடுங்கள், கூட்டம் தானாகக் குறையும்.

செங்கலடி தோட்டக்காரி

செங்கல் வைத்துவிட்டேன் அண்ணன். போத்தல் வெட்டியாயிற்று, குண்டு பல்ப்தான் வீட்டில் இல்லை, கோழிக்குஞ்சுப் பெட்டியில் ஒன்று எரிகிறது, அதைக் கழற்ற அம்மா விடுகிறார் இல்லை. மஞ்சள் உருண்டையில் உணர்கொம்பின் நாலாம் துண்டம் மற்றதைவிட நீளம், அதற்கு என்ன அர்த்தம்?

மண்ணும் லென்ஸும்

அது நல்ல செய்தி, டைசிர்டோமிடே குடும்பம் இல்லை. அந்தக் குடும்பத்தில் மூன்றாவது நீளம், நாலாவது குட்டை. இனி அந்த நாலாம் துண்டம் வளையம் வளையமாகப் பிரிந்திருக்கிறதா, வழுவழுப்பா என்று பாருங்கள்.

அக்கரைப்பற்று பாசித்தொட்டி

தம்பி, நீளம்தான், உருண்டை இல்லை. குட்டைக் கால், குட்டைக் கொம்பு, தலைக்குப் பின்னால் துண்டம் தெளிவாகத் தெரிகிறது. அப்போ அந்தப் பொடுரோ வகையா? படம் இரவைக்குப் போடுகிறேன், இப்போது கரண்ட் இல்லை.