படத்தைச் 'சுருக்கு' என்றால் எதைச் சுருக்குவது?

நண்பர்களுக்கு வணக்கம்.

பக்க வடிவமைப்புச் செயலி ஒன்றின் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பாதியைத் தாண்டிய பிறகுதான் என் பிழை கண்ணில் பட்டது. நான்கு வெவ்வேறு வேலைகளுக்குச் 'சுருக்கு' என்ற ஒரே சொல்லை எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்தில் படம் உட்காரும் பெட்டியான சட்டகத்துக்குள் படத்தின் அகலத்தைக் குறைப்பதும் சுருக்கல். ஜேபெக் (JPEG) படத்தின் தரத்தை இறக்கிக் கோப்பை இளைக்க வைப்பதும் சுருக்கல். படவணுக்களின் (பிக்சல்களின்) எண்ணிக்கையையே குறைத்து எழுதுவதும் சுருக்கல். போதாக்குறைக்கு, சாளரத்தைக் கீழே பணிப்பட்டைக்கு அனுப்புவதும் சுருக்கல்!

இதனால் என்ன குடி முழுகிவிட்டது என்று கேட்பவர்களுக்கு, நான் பட்டதையே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நினைவு மலரை வடிவமைத்தேன். படங்கள் எல்லாம் கைப்பேசியில் எடுத்தவை. ஒவ்வொன்றிலும் 4000-க்கு 3000, அதாவது 1 கோடியே 20 லட்சம் படவணுக்கள். அவற்றை 5 செ.மீ. அகலச் சட்டகங்களில் வரிசையாக அடுக்கியிருந்தேன். ஒரே ஒரு படம் மட்டும் ஏ4 அட்டை முழுவதும் நின்றது. பிடிஎஃப் கோப்பு மின்னஞ்சலில் ஏறாத அளவுக்குப் பருத்துவிட்டது. "படங்களைச் சுருக்கி அனுப்புங்கள்" என்றார்கள் அச்சகத்தில்.

சுருக்கினேன். முதலில் சட்டகங்களைச் சிறிதாக்கினேன். படவணுக்கள் அத்தனையும் உள்ளேயே இருந்ததால் கோப்பு அசையவில்லை. பிறகு ஓரங்களை வெட்டினேன். சட்டகத்துக்கு வெளியே மறைந்ததே தவிர எதுவும் தொலையவில்லை. அப்போதும் அதே எடை. கடைசியாக ஜேபெக் தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கினேன். கோப்பு இளைத்தது, அனுப்பிவிட்டேன். அச்சாகி வந்தபோது உள்ளே இருந்த சிறு படங்களில் ஒரு குறையும் இல்லை. அட்டையில் இருந்த முகம்தான் கட்டம் கட்டமாகத் திட்டுப் படிந்து கிடந்தது. ஜேபெக் படத்தை 8-க்கு 8 படவணுக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நுண்விவரத்தைக் கழிக்கிறது. அளவு மீறிக் கழித்தால் கட்டங்களின் விளிம்பு வெளியே தெரியும். அட்டைப்படத்தில் கழிக்க எதுவுமே உபரியாக இல்லை. உபரியெல்லாம் உள்ளே இருந்த குட்டிப் படங்களில்தான். 5 செ.மீ. என்பது ஏறத்தாழ 2 அங்குலம். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 படவணு என்று வைத்தால் 600-க்கு 450 படவணுக்கள் போதும். நான் திணித்து வைத்திருந்தது அதைப் போல 44 மடங்கு.

செய்திருக்க வேண்டியது மூன்றாவது வகைச் சுருக்கல். அதற்குத்தான் சொல் தேடுகிறேன். ஆங்கிலத்தில் downsampling என்பார்கள்; 'கீழ்மாதிரியாக்கம்' என்று ஒரு சொல் புழக்கத்தில் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. தரம் தாழ்ந்த மாதிரிப் பொருள் ஏதோ தயாரிக்கிறோம் என்ற எண்ணமே வருகிறது. 'அடர்குறைப்பு' எப்படி? அங்குலத்துக்கு எத்தனை படவணு என்பது அடர்வுதானே. அடர்குறை, அடர்கூட்டு, இரண்டுக்கும் பொதுவாக அடர்மாற்று என்று கிளைச்சொற்களும் தானாக அமைகின்றன. என்ன சொல்கிறீர்கள்?

* * *

வணக்கம் ஐயா.

காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இருபது ஆண்டுகளாக அச்சுக்கு முந்தைய வேலையில் இருப்பவள் என்ற முறையில் மறுக்கிறேன். அடர்வு, படத்தைத் தொடாமலே குறையும். 600 படவணு அகலமுள்ள படம் 2 அங்குலச் சட்டகத்தில் இருந்தால் அடர்வு 300. அதே சட்டகத்தை 4 அங்குலத்துக்கு இழுத்தால் 150. அடர்வு பாதியாயிற்று, படவணு ஒன்றுகூடக் குறையவில்லை. சட்டகத்தைப் பழைய இடத்துக்குத் தள்ளினால் 300 திரும்பிவிடும். நீங்கள் சொல்லும் வேலையில் போனது போனதுதான். பிறகு எவ்வளவு கூட்டினாலும் செயலி இடைவெளியை ஊகித்து நிரப்புமே தவிர, தொலைந்த விவரம் வராது. மீளக்கூடியதையும் மீளாததையும் ஒரே பெயரில் கட்டினால், 'சுருக்கு' செய்த குழப்பத்தை 'அடர்குறை' செய்யும்.

பிடிஎஃப் ஆக்கும்போது வரும் ஏற்றுமதி உரையாடல் பெட்டியை நினைத்துப் பாருங்கள். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்புச் செயலியின் உயர்தர அச்சு அமைப்பில் இரண்டு எண்கள் இருக்கும்: 450-க்கு மேல் இருந்தால் 300-க்குக் கொண்டுவா. அந்த 450-தான் அடர்வு. சட்டக அளவை வைத்துக் கணக்கிட்டது. அது வேலையைத் தொடங்குவதற்கான நிபந்தனை. தொடங்கியதும் நடப்பது எண்ணிக்கைக் குறைப்பு. (உங்கள் அட்டைப்படம் ஏ4 முழுவதும் நின்றபோது சுமார் 342-தான் இருந்திருக்கும். இந்த அமைப்பு அதைத் தொட்டே இருக்காது.)

முந்தைய மடல் ஒன்றில் 'புள்ளிக்குறைப்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுவும் வேண்டாம். அச்சகத்தில் புள்ளி என்றால் தாளில் விழும் மைப்புள்ளி. படத்தில் உள்ளதையும் தாளில் விழுவதையும் ஒன்றாக எண்ணி வந்து நிற்பவர்களுக்கு விளக்கம் சொல்லியே எனக்குத் தொண்டை வற்றுகிறது. நேராக 'படவணுக் குறைப்பு' என்றே வைத்துவிடலாமே.

* * *

அம்மா, ஒப்புக்கொள்கிறேன். சட்டகத்தை இழுத்தால் அடர்வு மாறும் என்பதைக் கையேட்டின் மூன்றாம் இயலில் நானே எழுதியிருக்கிறேன். சொல் ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

'படவணுக் குறைப்பு' நீளம் என்று தோன்றி, 'அணுக்குறைப்பு' என்று வெட்டிப் பார்த்தேன். நாட்டுத் தலைவர்கள் கையெழுத்திடும் ஒப்பந்தம் போல இருந்தது. முழுச்சொல்லே இருக்கட்டும்.

அப்படியானால் ஜேபெக் வகைக்கு 'இறுக்கம்' என்று வைக்கிறேன். டிஃப் (TIFF) படக் கோப்பில் விவரம் எதையும் இழக்காமல் செய்வது 'இழப்பில்லா இறுக்கம்', ஜேபெக் செய்வது 'இழப்புள்ள இறுக்கம்'. சட்டகத்துக்குள் நடப்பது வெறும் 'சிறிதாக்கல்'. 'சுருக்கு' சாளரத்தோடு போகட்டும். படத்தைக் கோப்பிலேயே பதிப்பதா, வெளியே வைத்துத் தொடுப்பதா என்பது வேறு கதை. அதற்குப் 'பதி', 'தொடு' இரண்டும் ஏற்கெனவே நன்றாக ஓடுகின்றன.

ஒரு சிக்கல் மிச்சம். குறைக்கும் முறையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில், அக்கம்பக்கத்துப் படவணுக்களைக் கலந்து ஒன்றாக்கும் முறையும் உண்டு; நடுவில் உள்ள ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும் முறையும் உண்டு. பின்னது வேகமானது, ஆனால் சாய்கோடுகளைப் படிக்கட்டாக்கிவிடும். முதலாவதைச் 'சராசரி' என்கிறேன். இரண்டாவதற்குப் 'பொறுக்கல்' பொருந்துமா?

* * *

பொறுக்கல் பொருந்தும் ஐயா. நெல்லில் கல் பொறுக்குவது போல வேண்டாததை எடுப்பதாகச் சிலர் கொள்ளலாம். கையேட்டில் ஒரு வரி விளக்கம் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று. தலைப்பில் 'படவணுக் குறைப்பு' என்று ஒற்று வரட்டும், 'விலைக் குறைப்பு' போல. பொத்தானில் ஏவலாக வரும்போது 'விலை குறை' போலப் 'படவணு குறை' என்று ஒற்றில்லாமல் எழுதுங்கள். நிரலாளர்கள் ஒரே சரத்தை (திரையில் காட்டும் எழுத்துத் தொடரை) இரண்டு இடத்திலும் ஒட்டிவிடுவார்கள். இரண்டு தனிச் சரங்களாகக் கேட்டு வாங்கிவிடுங்கள்.