‘டெலஸ்டியல்’: கிரேக்க வேரா, ஓசைக்காக வார்த்த சொல்லா?

வைகறை:
ஜோசப் ஸ்மித் தொடங்கிய மார்மன் கிறிஸ்தவ மரபின் நம்பிக்கையில் மறுமையின் மூன்று மகிமை ராஜ்யங்களில் கடைசியானது டெலஸ்டியல். மற்ற இரண்டும், அதாவது செலஸ்டியலும் டெரஸ்ட்ரியலும், கிங் ஜேம்ஸ் என்ற ஆங்கில பைபிளில், 1 கொரிந்தியர் 15:40-இல் இருக்கின்றன. இது மட்டும் அங்கே இல்லை. ‘முடிவு’ என்று பொருள்படும் ‘டெலோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லே இதன் வேர் என்பேன். அந்த ராஜ்யத்தார் கடைசி உயிர்த்தெழுதலில்தான் எழுப்பப்படுகிறார்கள். பொருள் சரியாக அமைகிறதே.

முகில்:
பொருள் அமைந்துவிட்டால் வேர் ஆகிவிடுமா? ஒஹாயோவின் ஹைரம் ஊரில், ஜான் ஜான்சன் வீட்டில், ஜோசப் ஸ்மித்தும் அவருடைய கூட்டாளி சிட்னி ரிக்டனும் இந்த மூன்று ராஜ்யங்களின் தரிசனத்தைக் கண்டதாகச் சொன்னது 1832 பிப்ரவரி 16 அன்று. ஸ்மித் ஆசிரியர் வைத்து எபிரேயம் படித்ததே 1836-இல்தான். கிரேக்கத்துக்கு எங்கே போனார்? கொரிந்தியர் கடிதத்தை எழுதிய பவுல் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என மூன்று மகிமைகளைச் சொல்கிறார். மேனிகளோ வானத்துக்குரியவை, பூமிக்குரியவை என இரண்டே. நட்சத்திரத்துக்குப் பெயர் இல்லை. இருந்த இரண்டு பெயர்களின் ஓசையிலேயே மூன்றாவதை வார்த்துவிட்டார். பைபிளைத் திருத்தி எழுதியபோது பவுலின் வசனத்திலும் அதைச் சேர்த்தார்.

வைகறை:
வெளிப்பாடு என்று நம்புகிறவருக்கு ஸ்மித்தின் கிரேக்கம் தேவையில்லை. சொல்லைக் கொடுத்தவருக்குத் தெரிந்தால் போதும்.

முகில்:
அது விசுவாசம், சொற்பிறப்பியல் அல்ல. இதே வாதத்தை வைத்து, ‘தொலைவு’ எனப் பொருள்படும் ‘டெலே’தான் வேர் என்றும் ஒருவர் சாதிக்கலாம். கடவுளும் கிறிஸ்துவும் வாழும் இடத்துக்கு டெலஸ்டியல் ராஜ்யத்தார் வர முடியாது என்று, ‘கோட்பாடும் உடன்படிக்கைகளும்’ என்ற மார்மன் மறைநூலின் 76-ஆம் பிரிவே சொல்கிறது. எந்த வேரைக் கொடுத்தார் உங்கள் ‘கொடுத்தவர்’?

பனையோலை:
வேர்ச் சண்டை இருக்கட்டும். டெலஸ்டியலுக்குப் போகிறவர்கள் பொய்யர், சூனியக்காரர், விபசாரக்காரர். அவர்கள் போகுமிடம் நரகம் அல்லாமல் வேறென்ன?

வைகறை:
அவர்கள் நரகத்தில் தண்டனை அனுபவிப்பது கடைசி உயிர்த்தெழுதல் வரைதான். அதன் பிறகே டெலஸ்டியல். அதன் மகிமை எல்லா அறிவுக்கும் மேலானது என்கிறது அதே பிரிவு. மகிமையே இல்லாமல் போகிறவர்கள், பரிசுத்த ஆவியைப் பெற்றபின் மறுதலித்த ‘கேட்டின் மக்கள்’ மட்டுமே. கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஏதோ ஒரு மகிமை என்பதை, நரகத்தைப் பற்றிய பிரசங்கத்தில் வளர்ந்த அன்றைய மார்மன்கள் சிலராலேயே ஏற்க முடியவில்லை.

பனையோலை:
கடவுளை விட்டு என்றென்றைக்கும் பிரிந்திருப்பதுதான் நரகத்தின் தலையாய தண்டனை என்று கத்தோலிக்க மறைக்கல்வி போதிக்கிறது. நீங்கள் அதற்கு மகிமை என்று பெயர் வைக்கிறீர்கள்.

வைகறை:
கத்தோலிக்க அளவுகோலை இங்கே நீட்டாதீர்கள். டெலஸ்டியலில் இருப்பவர்களுக்குப் பரிசுத்த ஆவி கிடைக்கிறார், டெரஸ்ட்ரியல் ராஜ்யத்தாரின் ஊழியத்தால். உங்கள் நரகத்துக்கு அப்படி யாராவது போகிறார்களா?