கழற்றி மாட்டும் லைட்டுக்கும் பம்புக்கும் எந்த கனெக்டர்? உப்புக்காற்றில் எது நிற்கும்?

வாலிநோக்கம் ஜிப்சி:
என் ஜிப்சி ஜீப்பின் மேல் கேரியரில் 120 வாட் எல்.இ.டி. பார் லைட், பின்னால் காற்றடிக்கும் பம்ப். உப்பளப் பக்கமோ மணல் தடத்திலோ போகும்போது மட்டும் மாட்டுவேன், மற்ற நாளில் வீட்டில் இருக்கும். சாதா இரண்டு பின் கனெக்டர்தான் போட்டிருந்தேன். ஐப்பசியில் போட்டது, தை பிறந்தபோது உள்ளே முழுக்கப் பச்சைக் களிம்பு. இழுத்தால் பின் வயரோடு கையில் வருகிறது. இனி எல்லாவற்றுக்கும் டாய்ச் டிடி என்கிற சீல் வைத்த கனெக்டர்தான் என்று முடிவு செய்துவிட்டேன். சிலிக்கோன் சீல் இருக்கிறது, தண்ணீரில் முக்கினாலும் தாங்கும். வேறு எதற்கும் காசு போடுவது வீண் என்பேன். மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

தொண்டி தார்:
மறுக்கிறேன் அண்ணே. டிடி நல்ல சாமான், ஆனால் மாட்டி அப்படியே விட்டுவிடுகிற இடத்துக்கானது. 100 தடவை மாட்டிக் கழற்றுவதற்குத்தான் அதற்கு உறுதி. வாரம் ஒரு தடவை என்றால் இரண்டே வருஷம். ஆண்டர்சன் எஸ்.பி. 50 என்று அதிக கரண்டுக்கான கனெக்டர் இருக்கிறது, அதற்கு அந்தக் கணக்கு 10,000. அப்புறம் ஆம்பியரைப் பாருங்கள். டிடியில் ஒரு பின்னுக்கு 13தான். உங்கள் லைட் 10 இழுக்கும், சரி. பம்ப்? என்னுடையது 30ஐத் தொடும். மணலில் இறக்கிய காற்றை நாலு டயருக்கும் திரும்ப ஏற்றி முடிக்கும்வரை அது விடாமல் ஓடுகிறது. அந்தச் சூட்டை டிடி தாங்காது.

வாலிநோக்கம் ஜிப்சி:
பம்ப் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன் தம்பி. டிடியின் பெரிய வகையான டிடிபி கூட ஒரு பின்னுக்கு 25 ஆம்பியர்தான். ஆனால் எஸ்.பி. 50 திறந்த வாய் ஆயிற்றே! சீலே கிடையாது. கச்சான் காற்றில் மணலும் உப்பும் நேராக உள்ளே போகும்.

தொண்டி தார்:
திறந்திருப்பதுதான் அதன் பலம். நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, உதறி, வெயிலில் காட்டினால் முடிந்தது. சீலுக்குள் ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் போய்விட்டால் எந்த வழியாக வெளியே வரும்? உள்ளேயே இருந்து அரிக்கும்.

கீழக்கரை படகு மெக்கானிக்:
தம்பிகள் இரண்டு பேரும் மாட்டியிருக்கும்போது நடப்பதைப் பேசுகிறீர்கள். நான் படகில் பார்த்தவரை கெடுவது கழற்றிய பிறகுதான். டிடி மாதிரி சீல் கனெக்டருக்குப் போடுகிற தண்ணீர்த் தடுப்புத் தரம் ஐபி 67 என்றால், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். ஆனால் இரண்டு பாதியும் சேர்ந்திருந்தால்தான் அந்தக் கணக்கு, அதுவும் நல்ல தண்ணீரில் செய்கிற சோதனை. லைட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டீர்கள், வண்டியில் நிற்கிற பாதிக்கு யார் காவல்?

உப்புப் படலம் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கசியும். நம் கரையில் அதற்கு மழை வேண்டாம், ராத்திரி போதும். அந்த ஈரத்தில் 12 வோல்ட்டும் நின்றால் பிளஸ் பக்கத்துச் செம்பு கரைந்துகொண்டே போகும். கரண்ட் இல்லாத பின் வருஷக்கணக்கில் நிற்கிற இடத்தில், கரண்ட் இருக்கிற பின் சில வாரத்தில் போய்விடும். ஜிப்சி தம்பிக்குக் கையோடு வந்தது பிளஸ் பின்னாகத்தான் இருக்கும், பார்த்துச் சொல்லுங்கள்.

அதனால் எந்த கனெக்டர் போட்டாலும் பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸும் ரிலேயும் வையுங்கள். சுவிட்ச் போட்டால் மட்டும் கரண்ட் வரவேண்டும். வண்டிப் பக்கத்தில் குழிவான பாதி இருக்கட்டும், வாய் கீழே பார்க்கட்டும். மூடி கட்டாயம்.

வாலிநோக்கம் ஜிப்சி:
பார்த்தேன் காக்கா, பிளஸ்தான். மைனஸ் பின் கறுத்திருக்கிறது, ஆனால் முழுசாக இருக்கிறது. என் இணைப்பு பேட்டரியிலிருந்து நேராக வந்தது. ராத்திரி பகல் கரண்ட் நின்றிருக்கிறது. இது எனக்குத் தோன்றவே இல்லை.

தொண்டி தார்:
காக்கா சொல்வது சரி, மூடியைத் தவிர. மூடி இரண்டாவது பயணத்தில் தொலைந்துவிடும். மூடியை நம்பிய கனெக்டர் மூடி இல்லாத கனெக்டரைவிட மோசம்.

கீழக்கரை படகு மெக்கானிக்:
டிடியில் அதற்கு வழி இருக்கிறது. எதிர்ப் பாதி ஒன்றை வாங்கி, பின் போடாமல், பின்பக்கத் துளைகளை அதற்கென்று விற்கிற அடைப்பானால் மூடிவிடுங்கள். லைட்டைக் கழற்றியதும் இதைச் சொருகினால் சீலோடு பூட்டிக்கொள்ளும். மெல்லிய நைலான் கயிற்றில் கேரியரோடு கட்டிவிட்டால் எங்கே தொலையும்?

தங்கச்சிமடம் வயரிங்:
நான் யார் பக்கமும் இல்லை. என்னிடம் வருகிற வண்டிகளில் கனெக்டரைவிட வயரும் கிரிம்ப்பும்தான் (வயரைப் பின்னோடு அமுக்கிச் சேர்க்கிற இடம்) அதிகம் கெட்டிருக்கின்றன. டிடியின் கெட்டிப் பின்னுக்கு நாலு பக்கமும் அமுக்குகிற கருவி வேண்டும், கட்டிங் பிளேயரால் நசுக்கினால் ஆடும். வயரின் மேல்தோல் சீலுக்குப் பொருந்தும் பருமனாக இருக்கவேண்டும். ஒல்லி வயரைப் போட்டுவிட்டுத் தண்ணீர் புகுந்தது என்று கனெக்டரைத் திட்டுகிறார்கள். படகுக்கு விற்கிற வெள்ளீயம் பூசிய செம்பு வயரைக் கேட்டு வாங்குங்கள். வெறும் செம்பு என்றால் களிம்பு தோலுக்குள்ளேயே நீள ஏறிப்போகும்.

இன்னொன்று. பாம்பனில் 2025இல் திறந்த புது ரயில் பாலத்தில் முழுக்க வெல்டிங் இணைப்பாகச் செய்திருக்கிறார்கள். இணைப்பு இடுக்கில்தான் உப்பு உட்காரும். அதனால் பம்ப் சாக்கெட்டை வெளியே பம்பரில் வைக்காமல் பின் கதவுக்கு உள்ளே வையுங்கள். கதவைத் திறந்து மாட்டினால் என்ன குறைந்துவிடும்?

வாலிநோக்கம் ஜிப்சி:
பம்புக்கு எஸ்.பி. 50, கதவுக்கு உள்ளே. லைட்டுக்கு டிடிதான், காக்கா சொன்ன அடைப்புப் பாதியோடு. இரண்டுக்கும் தனித்தனி ரிலே. தொண்டித் தம்பி, 100 தடவை கணக்கை நான் மறக்கவில்லை. லைட்டை மாதம் இரண்டு தடவைதான் மாட்டுகிறேன்.

தொண்டி தார்:
லைட்டுக்கும் நான் எஸ்.பி. 50தான் போடுவேன் அண்ணே, அதில் மாற்றமில்லை. ஆனால் ரிலேயை இந்த ஞாயிறே வைக்கிறேன். என் வண்டியிலும் பின் சாக்கெட்டில் நாள் முழுக்க கரண்ட் நிற்கிறது.