டி-34 மாடலை நீராவி டாங்கியா மாத்துறது: பாய்லரை எங்க வைக்க?

சத்துவாச்சாரி_ஸ்கேல்:
கையில இருக்கறது 1/35 அளவு டி-34/76 கிட், அதாவது ரெண்டாம் உலகப்போர் சோவியத் டாங்கி. ‘டீசல் இன்ஜினே வராத 1942’ன்னு கற்பனை. டரட் (பீரங்கியோட சுத்தற மேல்கூண்டு) அப்படியே இருக்கணும், பின்னாடி பாய்லர், புகைபோக்கி. பாய்லரை எதுல செய்யறது, என்ன அளவு? ரிவெட் எவ்வளவு இடைவெளி? இன்னொண்ணு, வேலூர் வெயில்ல ஏர்பிரஷ் அடிச்சா அக்ரிலிக் மாவு மாவா படியுது.

பாய்லர்_பித்தன், ராணிப்பேட்டை:
முதல்ல எரிபொருளை முடிவு பண்ணுங்க தம்பி. கரின்னா ஒரு ஆள் நின்னு அள்ளிப் போட இடம் வேணும். டி-34 உள்ள ஏது அந்த இடம்? மண்ணெண்ணெய்னா பர்னர் போதும். 1918-ல அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் கட்டின நீராவி டாங்கிக்கும் மண்ணெண்ணெய்தான். அதுல ரெண்டு இன்ஜின், ட்ராக்குக்கு ஒண்ணு.

பாய்லருக்கு 25 மி.மீ. பிவிசி வயரிங் பைப். 1/35-ல அது 875 மி.மீ. விட்டம். இன்ஜின் மூடியை அறுத்து, மேல 8 மி.மீ. மட்டும் தெரியற மாதிரி இறக்குங்க. ஒட்டறதுக்கு முன்னாடி டரட்டை முழு வட்டம் சுத்திப் பாருங்க, பீரங்கிக் குழாய் இடிக்கும். பின் தகட்டுல இருக்கற வட்ட மூடியே புகைப்பெட்டிக் (பாய்லர் புகை வந்து சேர்ற அறை) கதவு. அப்போ புகைபோக்கியும் அந்தக் கோடியில, ஓரமாதான் வரணும். டரட்டை ஒட்டி நட்டுடறாங்க நிறையப் பேர், புகை எந்த வழியா அங்க வரும்னு யோசிக்கறதில்ல. ரெண்டு பக்க ஜாலியை மூடாதீங்க. அசல்ல அதுக்குக் கீழதான் ரேடியேட்டர். உங்களுக்கு அதுவே கண்டென்சர், நீராவியைத் திரும்பத் தண்ணியாக்கறது.

ரிவெட்: 20 மி.மீ. ஆணின்னு வச்சா தலை 0.9 மி.மீ., இடைவெளி 1.7 மி.மீ. நீளவாட்டு இணைப்புல ரெட்டை வரிசை, சுத்துவட்டத்துல ஒத்தை வரிசை. நீராவி அழுத்தம் நீளவாட்டு இணைப்பைத்தான் ரெண்டு மடங்கு இழுக்கும். மாத்தி வச்சீங்கன்னா பாய்லர் தெரிஞ்சவன் சிரிப்பான்.

காட்பாடி_கரி:
மாடல் சிமெண்ட் (கிட் ஒட்டற பசை) பிவிசியைப் பிடிக்காது. 400 நம்பர் உப்புத்தாள்ல தேய்ச்சு சூப்பர் க்ளூ, இடுக்குக்கு எம்-சீல். மூடின டப்பாவுல க்ளூவைக் காயவிட்டா ஆவி படிஞ்சு சுத்தி வெள்ளை பூக்கும்; ஃபேன் காத்துல வைங்க.

ரிவெட்டுக்குப் பிரைமர் அடிச்ச மேல ஃபெவிகால், குண்டூசி முனையால. காஞ்சா சுருங்கும், அதனால ரெண்டாவது சொட்டு வைங்க. குழாய்க்கு 1 மி.மீ. சால்டர் ஈயம்; ட்ரில் பிட் தண்டைச் சுத்தி வளைச்சா நசுங்காது. ஃபிளேஞ்சுக்கு (குழாய் இணைப்புல வர்ற வட்டத் தகடு) தோல் வேலைக்காரங்க பஞ்ச் வாங்குங்க, நம்ம பக்கம் அதுக்கா பஞ்சம்? 0.5 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்ல 3 மி.மீ. வட்டம் தட்டி, நடுவுல துளை போட்டுக் கோத்துடுங்க.

மாவு படியறது, பெயிண்ட் துளி போற வழியிலயே காயறதால. ரிடார்டர் (பெயிண்ட் காயறதை மெதுவாக்கற திரவம்) சில சொட்டு, 15 பிஎஸ்ஐ, 6 செ.மீ. தூரம், காலை 7 மணிக்குள்ள.

சத்துவாச்சாரி_ஸ்கேல்:
நன்றிண்ணே. பாய்லர் மேல துரு அடிக்கலாமா?

பாய்லர்_பித்தன், ராணிப்பேட்டை:
வேணாம். சூடான தகடு எண்ணெய்க் கறுப்பாதான் இருக்கும், துரு ட்ராக் பக்கம் போகட்டும். சேஃப்டி வால்வுக்கும் தண்ணி அளவுக் கண்ணாடிக்கும் கீழ மட்டும் வெள்ளை உப்புக்கோடு இழுங்க. மாதிரி வேணும்னா போர்வெல் தண்ணி வர்ற உங்க வீட்டுக் குழாய் அடியைப் பாருங்க: மேல மெல்லிசு, கீழ தடிப்பு, ஓரம் மட்டும் லேசா மஞ்சள்.