ஆளைப் பாயும் சேவல்: சட்டியா, கூண்டா?

சிவகாமி_சிப்புட்
மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டுத் தாமான் (புதுக் குடியிருப்பு) வீட்டுக்கு வந்தபோது கோழிகளையும் கூடவே கொண்டு வந்தோம். ஆறு பெட்டை, இரண்டு சேவல். பெரிய சேவல் கொஞ்ச நாளாக ஆளைப் பாய்கிறது. தீனி வாளியோடு போனால் கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு, ஒரு இறக்கையைத் தரையில் உரசுகிற அளவுக்கு இறக்கி, பக்கவாட்டில் அடியெடுத்து வரும். வேண்டாம் என்று முதுகைக் காட்டினால் தீர்ந்தது, கெண்டைக்காலில் இரண்டு காலையும் சேர்த்து ஒரு உதை. நேற்று பேரன் காலில் ரத்தம். வீட்டுக்காரர் கறி வைக்கச் சொல்கிறார். எனக்கு மனசு வரவில்லை. உடும்பு வந்தால் முதலில் குரல் கொடுப்பது அதுதான். என்ன செய்யலாம்?

பழைய_லயம்
யோசிக்க என்ன இருக்கிறது தங்கச்சி? சட்டிதான். எங்கள் தோட்டத்தில் இந்த மாதிரி சேவலை முனியாண்டி சாமிக்கு நேர்ந்து விட்டுவிடுவார்கள், பூசை வந்தால் அதன் கதை முடிந்தது. மனுசனை அடித்து ருசி கண்ட சேவல் திருந்தாது. குஞ்சுகளுக்கும் அந்தக் குணம் இறங்கும். கையில் இன்னொரு சேவல் இருக்கும்போது இதைக் கட்டிக்கொண்டு அழுவானேன்?

கூண்டுக்காரன்
அண்ணே, உங்களுக்கு எதற்கெடுத்தாலும் சட்டி. அக்கா, ஒன்று கேட்கிறேன்: இந்தச் சேவலைக் குஞ்சிலிருந்து யாராவது கையில் தூக்கி வளர்த்தார்களா?

சிவகாமி_சிப்புட்
ஆமாம் தம்பி. தாய்க்கோழியைப் பாம்பு பிடித்துவிட்டது. பேரன்தான் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தான்.

செம்பனை_ஓரம்
அதெல்லாம் காரணமில்லை. அந்தப் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள் காட்டுக்கோழி நிறைய. அந்த ரத்தம் கலந்திருக்கும், அதுதான் இந்த மூர்க்கம்.

கூண்டுக்காரன்
காட்டுக்கோழியைக் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? மனுச வாடை பட்டாலே ஓடிவிடும். ஆளைப் பாய்வது பயம் விட்டுப்போன சேவல். தாயில்லாமல் கையில் வளர்ந்த சேவலுக்கு நம் மேல் பயம் கிடையாது, நம்மையும் இன்னொரு சேவலாகத்தான் பார்க்கும். நாலைந்து மாதத்தில் பருவத்துக்கு வந்ததும் யார் பெரியவன் என்று கணக்குப் பார்க்க ஆரம்பிக்கும்.

அக்கா, அது ஆடிக்கொண்டு வரும்போது ஓடாதீர்கள், உதைக்கவும் உதைக்காதீர்கள். ஓடினால் அது ஜெயித்தது, உதைத்தால் சண்டைக்கு நீங்கள் சம்மதம் சொன்னது. நேராகப் பார்த்து நில்லுங்கள். அப்புறம் மெதுவாக அதன் பக்கம் நடந்து, அதுவாக விலகும்வரை அதன் இடத்தைப் பிடியுங்கள். மீறிப் பாய்ந்தால் பிடித்து, இறக்கை அடங்க அக்குளில் இடுக்கிக்கொண்டு, துள்ளல் நிற்கும்வரை வேலையைப் பாருங்கள். தினமும் செய்ய வேண்டும்.

அதன் காலில் பின்பக்கம் இருக்கிற முள்ளையும் பாருங்கள். ராத்திரி கூட்டில் அடைந்த பிறகு பிடித்தால் அவ்வளவாகத் துள்ளாது. நுனியை மட்டும் அரத்தால் ராவி மழுக்கினால் போதும். உள்ளே எலும்பும் ரத்த ஓட்டமும் இருக்கிறது, அடியோடு வெட்டப் போகாதீர்கள்.

பழைய_லயம்
தினமும் சேவலை இடுக்கிக்கொண்டு உலாத்த அவருக்கு வேறு வேலை இல்லையா? எங்கள் ஆயா விளக்குமாற்றால் ஒன்று வைப்பார், அத்தோடு சரி.

கூண்டுக்காரன்
விளக்குமாறு கையில் இருக்கும்வரை சரி. அது இல்லாமல் போகிற அன்றைக்கு? சேவல் வெறுங்கையோடு வருகிற பிள்ளையைத்தான் பாயும்.

இரண்டு_பிள்ளைத்தாய்
இரண்டு பேரும் பேரனை மறந்துவிட்டீர்கள். பெரியவர்களுக்குக் கெண்டைக்காலில் படுகிற முள் சின்னப் பிள்ளைக்கு முகத்தில் படும். கண்ணில் பட்டால் யார் பதில் சொல்வது? அக்கா, முதலில் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். எச்சத்தை மிதித்த முள் அது. ஆழமாக இருந்தால் கிளினிக்கில் காட்டி, ரணஜன்னித் தடுப்பூசி போட்டு எத்தனை வருடம் ஆனது என்று கேளுங்கள். சேவல் திருந்துகிறதா என்பதெல்லாம் அப்புறம். அதுவரை பையன் கோழிப் பக்கமே போகக் கூடாது.

கட்டுச்சேவல்77
என்னிடம் கொடுங்கள் அக்கா, 100 ரிங்கிட் தருகிறேன். இந்த ரோஷம் களத்துக்குத்தான் லாயக்கு.

கூண்டுக்காரன்
சேவல் சண்டை இங்கே குற்றம், 2015 விலங்கு நலச் சட்டத்திலேயே இருக்கிறது. அக்காவை ஏன் இதில் இழுக்கிறீர்கள்?

பழைய_லயம்
இதில் மட்டும் கூண்டுக்காரன் பக்கம் நான். சட்டிக்குப் போகலாம், களத்துக்குப் போகக் கூடாது.

செம்பனை_ஓரம்
அக்கா, பெட்டைகளின் முதுகில் மயிர் உதிர்ந்திருக்கிறதா?

சிவகாமி_சிப்புட்
இரண்டு பெட்டைக்கு முதுகு வெறும் தோலாக இருக்கிறது. பேன் என்று நினைத்தேன்.

செம்பனை_ஓரம்
பேனையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஆனால் ஒரு சேவலுக்கு எட்டு, பத்துப் பெட்டை இருந்தால் நல்லது. ஆறுக்கு இரண்டு என்றால் பெட்டைகள்தான் மிதிபடும். சேவல்களும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டே இருக்கும். முட்டைக்குச் சேவலே தேவையில்லை, குஞ்சுக்குத்தான் வேண்டும். குணம் எப்படி இருந்தாலும் ஒன்று போகத்தான் வேண்டும்.

கூண்டுக்காரன்
இதை மறுக்க முடியாது. பிள்ளை இருக்கிற வீடு என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். பெரியதைத் தனிக் கூண்டில் போட்டு, பிள்ளைகள் இல்லாத வீடாகப் பார்த்துக் கொடுங்கள். வாங்குகிறவரிடம் குணத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பழைய_லயம்
குணத்தைச் சொன்னால் யார் வாங்குவார்கள்? சுற்றி வளைத்து நான் சொன்ன இடத்துக்குத்தான் வருகிறீர்கள்.

சிவகாமி_சிப்புட்
பையனுக்கு ஊசி போட்டாகிவிட்டது. சின்னச் சேவலை வைத்துக்கொள்ளப்போகிறேன், அது வாளியைப் பார்த்தால் ஒதுங்கிப் போகும். பெரியதைப் பழைய முயல் கூண்டில் போட்டாயிற்று. தோட்டத்திலேயே இருக்கிற நாத்தனாரிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டேன். அவர்கள் வீட்டில் பிள்ளைகள் இல்லை, உடும்புத் தொல்லை அதிகம், தரச் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வார். அதற்குள் முள்ளை ராவ வேண்டும். வீட்டுக்காரர் மட்டும் இன்னும் மசாலாவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்.

பழைய_லயம்
நாத்தனார் வேண்டாம் என்றால் சொல்லுங்கள் தங்கச்சி. கிழட்டுச் சேவலை நிறைய நேரம் வேகவைக்க வேண்டும், நானே வந்து வைத்துத் தருகிறேன்.