கணிதம் படிக்காதவர் இளங்கலைப் பொருளியலில் சேரலாமா?

கேள்வி: பிளஸ் டூ மாணவி, விழுப்புரம் மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் வணிகவியல் பிரிவு எடுத்து இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்திருக்கிறேன். எங்கள் பிரிவில் நான்காவது பாடம் கணினிப் பயன்பாடு என்பதால் வணிகக் கணிதம் படிக்கும் வாய்ப்பு அமையவில்லை. படித்த பாடங்களில் பொருளியல்தான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பி.ஏ. பொருளியலில் சேர விரும்புகிறேன், அப்பாவோ, பி.காம். படித்தால் ஏதாவது ஒரு தணிக்கையாளர் அலுவலகத்திலாவது வேலை கிடைக்கும், பி.ஏ. படித்தால் என்ன கிடைக்கும் என்று கேட்கிறார். கணிதம் இல்லாமல் இப்படிப்பைச் சமாளிக்க முடியுமா? முடித்த பின் என்னென்ன வழிகள் உள்ளன?

பதில்: கல்லூரி ஆசிரியர்

தமிழகத்தின் கலை அறிவியல் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் பி.ஏ. பொருளியலில் சேரப் பள்ளிக் கணிதம் கட்டாயமில்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் ஆனர்ஸ் படிப்புக்கு அது கட்டாயம். ஆகவே இங்கே உங்களுக்குத் தடை வாசலில் இல்லை, மூன்றாண்டு கழித்து வருகிறது. டெல்லி பொருளியல் பள்ளி, கோட்டூர்புரத்தில் உள்ள சென்னைப் பொருளியல் பள்ளி போன்ற இடங்களில் முதுகலை படிக்கப் போகிறவருக்கு வகைநுண்கணிதமும் (ஓர் அளவு மாறும்போது மற்றொன்று எந்த வீதத்தில் மாறுகிறது என்று காணும் கணிதம்) அணிகளும் (எண்களை வரிசைகளாகவும் நிரல்களாகவும் அடுக்கிக் கையாளும் முறை) நிகழ்தகவும் ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்ற எதிர்பார்ப்பிலேயே பாடம் தொடங்கும்.

ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். முற்றுரிமையில், அதாவது ஒரே விற்பனையாளர் உள்ள சந்தையில், இறுதிநிலை வருவாய்க் கோடு (கூடுதலாக ஓர் அலகு விற்றால் எவ்வளவு வருவாய் கூடும் என்பதைக் காட்டுவது) நேர்கோடான தேவைக் கோட்டைவிட இரு மடங்கு செங்குத்தாகச் சரியும் என்று வரைந்து மனப்பாடம் செய்கிறோம். ஏன் இரு மடங்கு என்று கேட்டால் வகுப்பில் பலருக்குப் பதில் தெரியாது. விலை = 100 − 2 × அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த வருவாய், அளவின் நூறு மடங்கிலிருந்து அதன் வர்க்கத்தின் இரு மடங்கைக் கழித்தது. அதை வகையிட்டால் 100 − 4 × அளவு. அந்த இரண்டு ஏன் நான்காயிற்று என்பது ஒரே வரியில் விளங்கிவிடுகிறது. கணிதத்தைத் தவிர்த்துக்கொண்டே பட்டம் வாங்கிவிட முடியும் என்பது உண்மைதான். நம் பாடத்திட்டங்கள் அதற்கு இடம் கொடுப்பதை நான் ஒரு குறையாகவே கருதுகிறேன்.

பதில்: கள ஆய்வாளர்

ஆசிரியர் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் பொருளியல் முழுவதும் கோடுகளும் சமன்பாடுகளும்தான் என்று தங்கை நினைத்துவிடக் கூடாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர்களைக் கிராமங்களை ஆராயச் செய்தார். யாரிடம் எவ்வளவு நிலம், கூலி நெல்லாகவா பணமாகவா, கடன் யாரிடம் என்று அவர்கள் திரட்டியவை 1918இல் நூலாயின. அக்கிராமங்களில் ஒன்றான இருவேல்பட்டு உங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது! நிலத்தின் பெரும்பங்கு ஒரே மிராசுதார் குடும்பத்தின் கையில் இருந்த அந்த ஊரை 1930களிலும் 1960களிலும் 1980களிலும் மீண்டும் 2008இலும் ஆய்வாளர்கள் சென்று பார்த்திருக்கிறார்கள். நில உடைமை, கூலி, சாதி உறவுகள் ஆகியவை ஒரு நூற்றாண்டில் எப்படி மாறின என்பதை ஒரே ஊரில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு இந்தியாவில் மிகச் சில இடங்களுக்கே வாய்த்திருக்கிறது. இந்த வகை வேலைக்கு, கேள்வி கேட்கத் தெரிந்த, ஊர்ப் பேச்சு புரிந்த ஒருவர் வேண்டும். தமிழ்வழியில் படித்தவருக்கு அது பலமே.

பதில்: அரசு மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர்

அப்பாவின் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன். வெறும் பி.ஏ.வுடன் நின்றால், கணக்கு எழுதும் வேலைக்கு பி.காம். படித்தவரையே எடுப்பார்கள், அப்பா அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. வங்கித் தேர்வுகளுக்கும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 போன்றவற்றுக்கும் எந்தப் பட்டமும் போதும், அவற்றில் இந்தியப் பொருளாதாரமும் பாடத்திட்டத்தில் இருப்பதால் உங்களுக்குச் சிறிது முன்னிலை உண்டு. எம்.ஏ.வும் பி.எட்.டும் முடித்தால் ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு எழுதி என்னைப் போல் மேல்நிலை வகுப்புகளுக்குப் பொருளியல் நடத்தலாம். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்கு முதுகலைப் பட்டம் வேண்டும். குடிமைப் பணித் தேர்வைப் போல அதைத் தமிழில் எழுத முடியாது, ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். எனவே இப்போதிருந்தே பொருளியல் செய்திகளை ஆங்கிலத்திலும் வாசித்துப் பழகுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இரண்டாவது பதிலை அப்பாவிடம் படித்துக் காட்டினேன்; இருவேல்பட்டு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கல்லூரி திறப்பதற்குள் கணிதத்தில் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கல்லூரி ஆசிரியர்

பதினொன்றாம் வகுப்பு வணிகக் கணிதப் பாடநூலை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கும். முக்கோணவியலை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு, வகைநுண்கணிதத்தையும் அடுத்து வரும் வகையீட்டின் பயன்பாடுகள் இயலையும் கணக்குப் போட்டுப் படியுங்கள். தேவை நெகிழ்ச்சியும் (விலை மாறினால் தேவை எவ்வளவு மாறும் என்பது) இறுதிநிலைச் செலவும் (கூடுதலாக ஓர் அலகு உற்பத்தி செய்ய ஆகும் செலவு) அந்த இயலில் உண்டு என்பதால் அறிமுகமில்லாத இடத்தில் நிற்பதாகத் தோன்றாது. பிறகு அணிகள், அதன் பின் ஒட்டுறவு, அதாவது இரு அளவுகள் சேர்ந்து மாறும் விதத்தை அளப்பது. சேரும் கல்லூரியில் துணைப்பாடமாகக் கணிதமோ புள்ளியியலோ தருகிறார்களா என்பதைக் கலந்தாய்வுக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தால், தருகிற கல்லூரியையே தேர்ந்தெடுங்கள்.