அரிய கழுகு தலைக்கு மேலே பறந்தால் எதையெல்லாம் பதிவு செய்வது?

கேள்வி: உயரத்தில் வட்டமடிக்கும் இரைகொல்லிப் பறவையைப் படமெடுத்தால் கறுப்பு நிழல்தான் விழுகிறது. பறவைப் பதிவுத் தளத்தில் அரிய இனம் என்று பதிவிட்டால் சரிபார்ப்பவர்கள் ஏற்க என்ன வேண்டும்?

பதில் 1: வான வெளிச்சத்தில் கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்குகிறது. எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 முதல் +1.5 வரை ஏற்றுங்கள், ஷட்டர் வேகம் 1/2000 நொடி. வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். இறக்கையின் அடிப்பக்கப் பட்டைகள்தான் முக்கியம். விடாமல் எடுங்கள், திரும்பும்போது முதுகும் வாலும் ஒரு நொடி தெரியும். மங்கலான படத்தையும் அழிக்காதீர்கள்.

பதில் 2: இறக்கை நுனி 'விரல்'களை (பிரிந்து நீட்டி நிற்கும் சிறகுகளை) எண்ணும்படி ஒரு படமாவது வேண்டும். ஐரோப்பியத் தேன்பருந்துக்கு 5, கீழைத் தேன்பருந்துக்கு 6. ஆனால் சிறகு உதிரும் சமயத்தில் எண்ணிக்கை ஏமாற்றும், இரண்டு இறக்கையையும் ஒப்பிடுங்கள்.

பதில் 3: படம் மட்டும் போதாது. பறவைகளை அடையாளம் காணும் கையேட்டைத் திறக்கும் முன்பே குறிப்பெழுதுங்கள். பிறகு எழுதினால் பார்க்காத அடையாளமும் நுழைந்துவிடும் (இதில்தான் பல பதிவுகள் கெடுகின்றன). நேரம், தூரம், வெயில் எந்தப் பக்கம், மிதக்கும்போது இறக்கை தட்டையா, மேல்நோக்கித் தூக்கியதா என்று எழுதுங்கள். அளவை ஊகிக்காமல், கூடப் பறந்த காகத்தோடு ஒப்பிடுங்கள். வெட்டாத மூலக் கோப்பு கையில் இருக்கட்டும். கூடு தென்பட்டால் இடத்தைப் பொதுவில் போடவே கூடாது.